விடை கண்டுபிடித்த குற்றம்

அந்தக் கல்லூரியில் எல்லாரும் படித்தார்கள். நாற்பது பேர் மட்டும் சிந்தித்தார்கள். யார் சிந்திப்பவர், யார் வெறுமனே படிப்பவர் என்பதில் குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று, சிந்திப்பவர்களின் கழுத்தில் ஊதா நிறக் கயிறு ஒன்றை மாட்டியிருந்தார்கள். அலுவலகக் காகிதங்களில் இதற்கு மேன்மையர் திட்டம் என்று பெயர். மற்ற எல்லாருக்கும் அது ஆனர்ஸ்.

நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த நாற்பதில் ஒருத்தியாக வந்து சேர்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் இளைய மகள். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். விடுதிக்கு ஒருமுறை அப்பா போன் செய்து ‘சின்னவள் இருக்காளா’ என்று கேட்டதிலிருந்து இங்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஆனர்ஸ் நுழைவுக்கு ‘நான் என்பது யார்?’ என்ற தலைப்பில் ஐந்நூறு சொற்கள் எழுதச் சொல்லியிருந்தார்கள். முந்நூற்று நாற்பதாவது சொல்லில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ‘இப்போதைக்கு இவ்வளவுதான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தேர்வுக் குழு அந்த நூற்று அறுபது சொற்களின் இடைவெளியில் துணிச்சலான மௌனம் ஒன்றைக் கண்டுபிடித்து அவளைச் சேர்த்துக்கொண்டது.

சேர்ப்பு விழாவில் திட்ட இயக்குநர் பேசினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பானையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருப்பவர் போலத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

“நீங்க மத்தவங்களவிட உயர்ந்தவங்க இல்ல. அத முதல்ல மனசுல வாங்கிக்கங்க. மத்தவங்க உங்களவிடக் கொஞ்சம் கீழ இருக்காங்க, அவ்வளவுதான். அது அவங்க தப்பும் இல்ல. அந்தப் பணிவு நமக்கு வேணும்.”

பணிவோடு கைதட்டினார்கள். அப்பா அன்று விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். கயிறு மாட்டிய மகளை நிற்கவைத்துப் படம் எடுத்து, தான் வேலை பார்க்கும் கட்டடங்களின் மோட்டார் அறைகளில் எல்லாம் அதைக் காட்டினார். ஆனர்ஸ் முடித்தால் மேற்படிப்புக்கு இயக்குநரே பரிந்துரைக் கடிதம் கொடுப்பார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் லிஃப்டில் ஏறாமலே இரண்டு மாடி உயரத்தில் நடந்தார்.

ஆனர்ஸுக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. வகுப்பு என்று சொல்லக் கூடாது, உரையாடல். ஆசிரியர் என்று சொல்லக் கூடாது, உடன்பயணி. வாரம் ஒருமுறை, படித்தது தனக்குள் என்ன சலனத்தை ஏற்படுத்தியது என்று முந்நூறு சொற்கள் எழுத வேண்டும். சலனம் எதுவும் ஏற்படாவிட்டால், ஏன் ஏற்படவில்லை என்று ஐந்நூறு சொற்கள். சின்னவளுக்குப் பெரும்பாலும் ஐந்நூறுதான் விழுந்தது. கூடும் அறையில் மேசை வட்டமாக இருந்தது. யாரும் தலைமை இல்லை என்பதற்கு அடையாளம். இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும் கை இருந்தது.

மூன்றாம் மாதம் எல்லாரும் ஓர் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். சின்னவள் அதைத் தேடி வெகுதூரம் போகவில்லை. பெண்கள் விடுதியில் அவள் இருந்த இரண்டாவது மாடியில் ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு வயிறு கெட்டிருந்தது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் குவளைத் தண்ணீரில் ஒரு வாடை வரும், பிறகு போய்விடும். அவள் அறைத்தோழி, நெட்டை என்று அழைக்கப்பட்ட ஆறடிப் பெண், அந்த முதல் குவளையைத்தான் தினமும் தலை நிமிர்த்திக் குடித்துவிட்டு ஓடப் போவாள்.

சின்னவளின் அக்கா ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டி நிறையச் சோதனைக் குப்பிகள் கொடுத்தாள்.

“தண்ணிய ஊத்தி, மூடி, ஒரு நாள் வை. நிறம் அப்படியே இருந்தா நல்ல தண்ணி. கறுத்துச்சுன்னா சாக்கடை கலந்திருக்கு. அவ்வளவுதான்டி. இதுக்கு எதுக்கு ஆனர்ஸு?”

‘பெண்கள் விடுதிக் குடிநீரில் மலக்கிருமிகள்: ஒரு சோதனை’ என்று தலைப்பு எழுதி சின்னவள் வட்ட மேசைக்குக் கொண்டுபோனாள். உடனே ஆய்வைத் தொடங்கிவிட முடியாது. முதலில் விருப்பக் குறிப்பு. அது ஏற்கப்பட்டால் முன்மொழிவுக்கு முந்தைய கருத்துரு. அதன் பிறகு முன்மொழிவு. அதுவரை ஆய்வாளர் ஆய்வுப் பொருளைத் தொடக் கூடாது.

“பல்லு தேய்க்கலாமா சார்?” என்று அவள் கேட்டாள். விடுதியில் வேறு தண்ணீர் இல்லை.

“ஆய்வாளரா தேய்க்கக் கூடாது. குடியிருக்கறவங்களா தேய்க்கலாம்” என்றார் இயக்குநர்.

குழுவில் மூன்று பேர். இயக்குநர், எப்போதும் கண்ணை மூடியபடி கேட்கும் தத்துவப் பேராசிரியர், துறைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிப்படி சேர்க்கப்பட்ட நுண்ணுயிரியல் பேராசிரியை. இவர் போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார்.

“தலைப்பு ரொம்ப நேரடியா இருக்கு” என்று தொடங்கினார் இயக்குநர்.

தத்துவப் பேராசிரியர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். “விடுதின்னு போட்டிருக்கீங்க. எது விடுதி? எதுலேர்ந்து விடுபடுறோம்?”

“பெண்கள் விடுதி சார். நூலகத்துக்குப் பின்னாடி.”

“ம். அப்புறம், மலம்னு ஒரு சொல் இருக்கு. அது அவசியமா?”

“அதுதான் சார் தண்ணியில இருக்குமோன்னு சந்தேகம்.”

“தண்ணியில இருக்கட்டும். தலைப்புல வேண்டாம்.”

நுண்ணுயிரியல் பேராசிரியை, “எத்தனை குழாய்ல எடுக்கப் போற?” என்று மட்டும் கேட்டார். இயக்குநர் அவர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். பேராசிரியை அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, ஐந்து திருத்தங்களுக்குப் பிறகு, தலைப்பு ‘நீர், நாம், நிலையின்மை’ என்று ஏற்கப்பட்டது. தலைப்பு மட்டும்தான். ஆய்வுக்கான அனுமதி அடுத்த கூட்டத்தில்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே நெட்டையின் கண் மஞ்சளாகிவிட்டது. முதலில் ஓட்டப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றாள். பிறகு எழுந்து உட்கார மாட்டேன் என்றாள். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. அவள் அம்மா வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மஞ்சள் காமாலை. அவ்வளவு நீளமான பெண் ஆட்டோவின் பின்சீட்டில் மடங்கி அம்மாவின் மடியில் கிடந்ததைச் சின்னவள் வாசலில் நின்று பார்த்தாள். நேராக மாடிக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். விடுதியில் இருந்தது பதினான்கு குழாய். பதினான்கிலும் பிடித்து, எண் எழுதி, துணி சுற்றி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் துணியை விலக்கியபோது பதினொன்று கறுத்திருந்தன.

விடுதிக் காப்பாளரிடம் ஓடினாள். அவர் குப்பிகளைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். “நீ ஆனர்ஸ் பொண்ணாச்சே. சாதாரணப் பொண்ணுன்னா நானே புகார் வாங்கிக்குவேன். உங்க கடிதம் இயக்குநர் வழியாத்தான் வரணும்மா. எனக்கு எதுக்கு வம்பு?”

கறுத்த குப்பிகளை ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் வட்ட மேசையின் நடுவில் வைத்தாள். இயக்குநர் தன் குறிப்பேட்டை மெல்ல அருகே இழுத்துக்கொண்டார். அவர் முன்னால் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது; உறுப்பினர்களுக்கு அது வெளியிலிருந்து வரும்.

“இது என்னம்மா?”

“விடை சார்.”

“அதான் எனக்கு வருத்தம். கேள்வியோட வருவீங்கன்னு நினைச்சேன். விடையோட வந்து நிக்கறீங்க. விடை கண்டுபிடிக்க சாதாரணப் பிள்ளைங்க ஆயிரம் பேர் இருக்காங்களே. உங்களுக்கு எதுக்கு அந்த அவசரம்?”

தத்துவப் பேராசிரியர் கண்ணைத் திறந்து குப்பிகளைப் பார்த்தார். “அந்தக் கறுப்புல ஒரு ஆழம் இருக்கு” என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

“சார், என் ரூம்மேட் ஆஸ்பத்திரியில கிடக்கறா. மாடியில இன்னும் அறுபது பேர் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க.”

“ரொம்ப நல்ல வாக்கியம். முன்னுரையில வைங்க.”

“நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் போட்டீங்கன்னா போதும் சார்.”

இயக்குநர் பானையை ஏந்திக்கொண்டார். “தண்ணி நிர்வாகத்தோட வேலை. சிந்தனை நம்ம வேலை. நமக்கும் நிர்வாகத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதுக்குப் பேர்தான் சிந்தனைச் சுதந்திரம். அத ஒரு குழாய்க்காக விட்டுக்குடுக்க முடியாதும்மா.”

அனுமதிக்கு முன்பே ஆய்வுப் பொருளைத் தொட்டதற்காக அவளை எழுத்தில் எச்சரித்தார்கள். எச்சரிக்கை நல்ல கெட்டித் தாளில், ஊதா ஓரத்தோடு இருந்தது. அதன் பின்பக்கம் வெற்றாக இருந்ததால் சின்னவள் அதிலேயே பெரிய எழுத்தில், ‘இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்’ என்று எழுதிக் குழாயடியில் ஒட்டினாள். எச்சரிக்கைத் தாள் ஒன்றுதான் இருந்தது, மற்ற குழாய்களுக்கு வாரச் சலனக் கட்டுரைகளைப் பயன்படுத்திக்கொண்டாள். அவை முதல்முறையாகப் படிக்கப்பட்டன.

கல்லூரியின் குழாய் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதுக்காரர். காதில் பென்சில் சொருகியிருப்பார். எல்லாருக்கும் குழாய் அண்ணன். பெண்கள் விடுதியில் என்னமோ ஒட்டியிருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டுத் தானே வந்தார். சின்னவள் ஒரு குப்பியை நீட்டினாள். மூடியைத் திறந்து முகர்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“காலையில முதல் தண்ணியில மட்டும்தான் வாடை வருதா?”

“ஆமாண்ணா.”

“அப்ப மோட்டார் நிக்கும்போது வெளியில இருக்கறத குழாய் உள்ள உறிஞ்சுது. பின்பக்கம் சாக்கடைத் தொட்டி ஓரமாத்தான் நல்ல தண்ணிக் குழாய் போகுது. எனக்குப் போன வருஷமே சந்தேகம். தோண்டறதுக்கு ஆர்டர் கேட்டேன். காரணம் என்னன்னாங்க. சந்தேகம்னேன். சந்தேகத்துக்கெல்லாம் தோண்ட முடியாதுன்னுட்டாங்க.” அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது எத்தனை நாளா உன்கிட்ட இருக்கு?”

“குப்பி நாலு நாளா. பேச்சு மூணு மாசமா.”

“மூணு மாசமா என்ன பண்ணீங்க?”

“தலைப்பு வெச்சோம்ணா.”

அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. அவசரக் கசிவு என்றால் முதலில் தோண்டிவிட்டுப் பிறகு ஆர்டர் வாங்கலாம். பதிவேட்டில் யாராவது சாட்சியாக எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். சின்னவள் பதினான்கு குழாய்களின் எண்ணையும் எழுதி, கறுத்தவற்றைச் சுழித்து, கீழே கையெழுத்துப் போட்டாள். அன்று மதியமே கடப்பாரை இறங்கியது. மூன்றடி ஆழத்தில், சாக்கடைத் தொட்டியின் விரிசலிலிருந்து ஊறிய சேற்றுக்குள், குடிநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குழாய் அண்ணன் அதற்குள் ஒரு விரலை விட்டுக் காட்டினார். விரல் முழுதும் உள்ளே போனது.  மேலே நின்ற பெண்களில் ஒருத்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

குழாயை வேறு வழியாகத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, மூன்று நாள் லாரித் தண்ணீரில் சமாளித்தார்கள். நான்காம் நாள் சின்னவள் மறுபடி பதினான்கு குப்பிகள் பிடித்தாள். ஒன்றும் கறுக்கவில்லை.

அதற்கு மறுநாள் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரித்தது மாண்புக் குழு. அதே மூன்று பேர்தான். ஆனால் இது வேறு குழு என்பதால் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். கை வைத்த நாற்காலியும் இயக்குநரோடு இடம் மாறியிருந்தது.

“உங்க ஆய்வுப் பொருள் என்ன?” என்று கேட்டார் இயக்குநர்.

“விடுதித் தண்ணி கெட்டுப்போனது சார்.”

“இப்ப அது கெட்டிருக்கா?”

“இல்ல சார். சரியாயிடுச்சு.”

“சரியாயிடுச்சு” என்று அவர் மற்ற இருவரையும் பார்த்தார், ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியவர் போல. “அப்ப உங்க ஆய்வுப் பொருள் எங்க? இருபத்திரண்டு வருஷமா இந்தத் திட்டத்த நடத்தறேன். எத்தனையோ பிரச்சினைங்க இந்த மேசைக்கு வந்திருக்கு. ஒண்ணுகூடத் தீர்ந்ததில்ல. அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம். முதல் வருஷத்துப் பையன் ஒருத்தர் எடுத்த கேள்விய இப்ப அவர் பேராசிரியராகியும் கேட்டுக்கிட்டே இருக்கார். நீங்க வந்த ஒரே வருஷத்துல ஒரு பிரச்சினைய ஒழிச்சுட்டீங்க.”

தத்துவப் பேராசிரியருக்கு இரக்கம் வந்தது. “பொண்ணோட எதிர்காலத்தையும் பாக்கணும்ல. வாய்மொழித் தேர்வு வரைக்கும் ஒரு வாரம் அந்த இணைப்பத் தளர்த்தி வைக்க முடியுமான்னு குழாய்க்காரரக் கேட்டுப் பாக்கலாமே.”

நுண்ணுயிரியல் பேராசிரியை முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “சார், அது பொண்ணுங்க குடிக்கிற தண்ணி.”

“தெரியுமே. அதனாலதான ஒரு வாரம்னு சொன்னேன்.”

சின்னவள் கயிற்றைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழுதுவிடுவோமோ என்று பயந்துகொண்டே கழற்றியதால் அது காதில் ஒருமுறை மாட்டிக்கொண்டது.

“அப்படிக் கழட்ட முடியாதும்மா” என்றார் இயக்குநர் கனிவாக. “அதுக்கு ஒரு முறை இருக்கு.” விலகல் படிவம் இரண்டு பக்கம், அதோடு ‘நான் ஏன் தகுதியற்றவள்?’ என்று ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை.

வார இறுதியில் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அம்மா நெட்டையின் உடம்பைப் பற்றித்தான் கேட்டார். அக்கா, “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றாள்.  அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து, துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.

“கடிதம் கிடைக்காதுல்ல?”

“கிடைக்காதுப்பா.”

“ம்.” துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, “லிஃப்டு நடுவுல நின்னுடுச்சுன்னா, நான் உள்ள மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்துட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன்” என்றார். “எடுக்காம எழுதினா சூப்பர்வைசர் என்னை அடிக்க வருவார். உங்க காலேஜுல ஏன் இப்படி?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. போனில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். அழிக்கவில்லை.

சின்னவள் கட்டுரையை எழுதினாள். ‘விடுதித் தண்ணீர் கெட்டிருந்தது. என் தோழிக்குக் காமாலை வந்தது. குழாயை மாற்றினோம். இப்போது தண்ணீர் நன்றாக இருக்கிறது. இதில் எந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் தகுதியற்றவள்.’ அவ்வளவுதான். மீதித் தாளில் பதினான்கு குழாய்களின் பழைய முடிவையும் புது முடிவையும் கட்டம் போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஊதா ஓரத்தோடு ஓர் உறை வந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த சுயவிமர்சனக் கட்டுரைக்கான பரிசு அவளுக்கு. தன்னையே கரைத்துக்கொள்ளும் நடை என்று குழு பாராட்டியிருந்தது; கடைசியில் இருந்த கட்டங்கள் நவீன கவிதையின் சாயல் கொண்டவையாம். பரிசைக் கயிறு அணிந்தவர்கள் மட்டுமே வாங்க முடியும் என்பதால், விழா நேரத்துக்கு மட்டும் அவளுக்குக் கயிறு இரவல் தரப்படும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருந்தது. அதே வாரம் நுண்ணுயிரியல் பேராசிரியை அவளை நடைபாதையில் நிறுத்தி மடித்த காகிதம் ஒன்றைக் கையில் திணித்தார். சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு பரிந்துரைக் கடிதம். “என் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்குமான்னு தெரியல. நீ செஞ்சத மட்டும் அப்படியே எழுதியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, யாரோ துரத்துவதுபோல வகுப்புக்குள் போய்விட்டார்.

பரிசளிப்பு அன்று சின்னவள் விழா அரங்கத்தின் மொட்டை மாடியில் இருந்தாள். குழாய் அண்ணனோடு சேர்ந்து கல்லூரியின் மற்றத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்ததில் அன்று அந்தக் கட்டடத்தின் முறை. நெட்டை திரும்பி வந்துவிட்டிருந்தாள். ஓட இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். தொட்டி நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து குப்பிகளில் எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

கீழே ஒலிபெருக்கியில் சின்னவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். சற்று விட்டு இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.

“உன்னத்தான் கூப்பிடறாங்க போல” என்றார் குழாய் அண்ணன்.

“மூடியக் கொஞ்சம் தூக்குங்கண்ணா.”

அவர் தூக்கினார். மூடியில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. உள்ளே தண்ணீருக்கு மேல் ஒரு புறா மல்லாந்து மிதந்தது. செத்து இரண்டு வாரமாவது இருக்கும். பக்கத்தில் இன்னொன்று பாதி முழுகிக் கிடந்தது.

நெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “இது எங்கண்ணா போகுது?”

“அரங்கத்துக்கு. அப்புறம் ஆனர்ஸ் ஆபீஸுக்கு. பாட்டில் தண்ணி உறுப்பினருங்களுக்குத்தான். விழான்னா டீ, ஜூஸு எல்லாம் இதுலதான் போடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பிடிக்க ஆரம்பிச்சுடுவாங்க.”

கீழே இயக்குநரின் குரல் கேட்டது. பரிசு பெற்ற மாணவி தன்னடக்கத்தினால் மேடைக்கு வரவில்லை என்றும், அந்த அடக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் திட்டம்தான் என்றும் அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

“விருப்பக் குறிப்பு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிடலாமா?” என்று கேட்டாள் நெட்டை. “ரெண்டு மாசத்துல தலைப்பு வெச்சுடுவாங்க.”

அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஐந்து வாரம். சின்னவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. தொட்டியின் விளிம்பில் கைவைத்துக்கொண்டு, கீழே எழுந்த கைதட்டலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அரங்கத்துக்கு இறங்கும் குழாயின் வால்வைப் பிடித்தாள். துருவேறி இறுகியிருந்தது. குழாய் அண்ணன் எதிர்ப்பக்கம் கை கொடுத்தார். மூன்றாவது திருகலில் அது முழுதாக மூடிக்கொண்டது.

“வாளிய எடு” என்றாள் நெட்டையிடம்.